ரொட்டிக்கு அளவு சொன்ன அம்மையார்

சாம்பார் வைப்பவர் இடையில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பார். உப்புக் குறைந்தால் போடுவார். கூடினால் நீர் விடுவார். பழ ரொட்டி செய்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. கலவையை அச்சிலிட்டு அடுப்பின் கதவை மூடிவிட்டால் பிறகு எதையும் திருத்த முடியாது. ஆகவே, நண்பர்களே, அளவு சொல்லாத குறிப்பை மற்றப் பண்டங்களுக்குப் பொறுத்துக்கொள்ளலாம், ரொட்டிக்குப் பொறுக்கக்கூடாது என்பது என் கட்சி.

ரோமானியர் காலத்து அப்பிசியஸ் என்பவரின் பெயரால் வழங்கும் சமையல் நூலில் பொருள்களின் பெயர்கள் உண்டு. பெரும்பாலும் அளவு கிடையாது. பின்னும் பல நூற்றாண்டுகள் 'போதுமான மாவு', 'மிதமான அடுப்பு' என்றே எழுதி வந்தார்கள். மிதம் என்றால் எவ்வளவு? அடுப்பினுள் கையை நீட்டி எத்தனை நொடி பொறுக்கிறது என்று எண்ணுவார்கள். அல்லது ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே போட்டு, அது எவ்வளவு விரைவில் பழுப்பாகிறது என்று பார்ப்பார்கள். காகிதமும் ஒரு வெப்பமானிதான். அதை நான் இகழமாட்டேன். ஆனால், அதைப் படிக்கத் தெரிந்தவர் மறைந்தால் அந்த அறிவும் உடன் மறைந்துவிடுகிறதே!

இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் என்ற அம்மையார் 1845இல் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். 1826இல் கவிதை நூல் வெளியிட்டவர் அவர். தம் சமையலறையில் செய்து பார்த்து, குறிப்பின் முடிவில் எந்தப் பொருள் எவ்வளவு, எத்தனை நேரம் வேகவேண்டும் என்று தொகுத்து எழுதினார். சோதனைச்சாலைக் குறிப்பேட்டில் நீங்கள் எழுதுவது போலத்தான்! 1857இல் ரொட்டிக்கென்றே தனி நூலும் எழுதினார். 1861இல் இசபெல்லா பீட்டன் வெளியிட்ட நூல் அவருடைய குறிப்புகள் பலவற்றை எடுத்துக்கொண்டு, பொருள்களின் பட்டியலைத் தலைப்பிற்குக் கீழே கொண்டுவந்தது. புகழ் பீட்டனுக்குப் போயிற்று. சோதனை செய்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

வேல்ஸ் நாட்டில் 'பாரா பிரித்' என்றொரு பழ ரொட்டி உண்டு. புள்ளி ரொட்டி என்று பொருள். முன்பு ஈஸ்ட் இட்டுப் புளித்த மாவில் உலர்ந்த திராட்சை சேர்த்துச் செய்தார்கள். சர்க்கரை மிகுந்தால் அது ஈஸ்ட் செல்களிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். மாவு மெதுவாகவே உப்பும். 1843இல் ஆல்பிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக பேக்கிங் பவுடர் தயாரித்தார். இன்று பல வீடுகளில் புள்ளி ரொட்டியும் ஈஸ்ட் இல்லாமலே உப்புகிறது. பெயர் அதுவே, பண்டம் வேறு!

நீங்களும் செய்யலாம். உலர் திராட்சை 300 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம் இரண்டையும் பால் சேர்க்காத சூடான தேநீர் 300 மில்லி லிட்டரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். ஊறாத பழம் மாவின் நீரை உறிஞ்சி ரொட்டியை வறட்டிவிடும். காலையில் மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 12 கிராம், முட்டை ஒன்று சேர்த்துக் கலக்கி, 170 டிகிரி சென்டிகிரேடில் சுமார் ஒரு மணி நேரம் சுடவேண்டும். அடுப்பைப் பெரியவர்கள் கவனிக்கட்டும்.

அடுப்பு 170 டிகிரியில் இருந்தாலும் ரொட்டியின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. உள்ளே நீர் இருக்கும்வரை, வரும் வெப்பம் அதை ஆவியாக்கவே செலவாகிறது. மேற்புறம் மட்டும் காய்ந்து சூடேறிப் பழுப்பாகிறது. அடுப்பின் சூட்டைத் தானே சீராக்கும் கருவி இங்கிலாந்தின் எரிவாயு அடுப்புகளில் 1923இல்தான் வந்தது. அதுவரை ஆக்டன் அம்மையாராலும் 'மிதமான' என்பதற்கு ஓர் எண் தர முடியவில்லை.

மைதாவை ஏன் கப்பில் அளக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒரே டம்ளரில் சலித்த மைதாவைத் தளர்வாக நிரப்பி எடை பாருங்கள். பிறகு அழுத்தி நிரப்பிப் பாருங்கள். வேறுபாடு தராசில் தெரியும்.

தராசு கையில் இருக்கும்போதே இன்னொன்றும் செய்யுங்கள். பாட்டி பலகாரத்திற்கு ஒரு கை மாவு அள்ளும்போது, பாத்திரத்தில் கொட்டுமுன் தட்டை நீட்டுங்கள். மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுங்கள். பாட்டியின் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதி வையுங்கள்.