எந்திரத்தின் பிழைக்கு மனிதனுக்கா தண்டனை?



நம் கடைத்தெருக்களில் இன்று அதிகம் ஒலிக்கும் வாசகம் எது தெரியுமா? "சர்வர் டவுன் பாய், கொஞ்சம் பொறுங்க!" ஜும்ஆவுக்குக் கடையைச் சாத்தப் போகும் நேரம் பார்த்து பில் போடும் கணினி உறைந்து நிற்கிறது. வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து விட்டது. கடைக்காரரின் கல்லா மேசையில் இருக்கும் பெட்டியோ வாய் திறக்கவில்லை. "அனுப்பிவிட்டேன்" என்கிறார் அவர். "வரவில்லை" என்கிறார் இவர். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். இருவருக்கும் இடையே உள்ள மென்பொருள்தான் பொய் பேசுகிறது! வீட்டிலும் இதே கதைதான். கல்லூரி விண்ணப்பத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பிய மகளுக்கு, கடைசிப் பக்கத்தில் திரை வெறுமையாகி, முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது.

எரிச்சலோடு முடிந்து விட்டால் பரவாயில்லை. அணைத்து மீண்டும் போட்டால் சரியாகிவிடும் என்று நாமும் கடந்து போகலாம். ஆனால் அந்தப் பிழையின் விலையைக் கடைசியில் யார் கொடுக்கிறார்கள்? மென்பொருளை எழுதியவரா, விற்றவரா, அதைக் கட்டாயமாக்கிய அதிகாரியா? இவர்களில் எவருமில்லை. நீங்களும் நானும்தான்!

நம் வணிகர்கள் பட்ட பாட்டையே எடுத்துக் கொள்வோம். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. பழைய முறையில் ஏற்கெனவே கட்டிய வரிக்கான கழிவைப் புதிய கணக்குக்கு மாற்றிக் கொள்ள, 'டிரான்-1' எனும் படிவத்தை இணையதளத்தில் தாக்கல் செய்யச் சொன்னார்கள். கடைசி நாள் 2017 டிசம்பர் 27. தளம் திணறியது. ஆடிட்டர் அலுவலகங்களில் இரவெல்லாம் விழித்திருந்தும் பலருடைய படிவம் ஏறவில்லை. கெடு முடிந்தது, கழிவும் போயிற்று என்று கைவிரித்தார்கள்.

பிறகு 2018இல், தொழில்நுட்பக் கோளாறால் தவறவிட்டவர்களுக்கு மறுவாய்ப்பு என்றார்கள். கோளாறு நடந்தது என்பதற்குச் சாட்சி எது? அதே தளத்தின் கணினிப் பதிவேடு! அதில் உங்கள் முயற்சி பதிவாகவில்லை என்றால், நீங்கள் முயலவே இல்லை என்று பொருள். குற்றம் சாட்டப்பட்டவரையே சாட்சிக் கூண்டிலும் ஏற்றுகிற விநோதம் இது. வணிகர்கள் உயர் நீதிமன்றங்களின் படியேறினார்கள். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, அவ்வாண்டு அக்டோபரிலும் நவம்பரிலும் தளம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. தன் சொந்தப் பணத்தைக் கேட்பதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்!

சரக்கு லாரிகளுக்கான இ-வே பில் முறை 2018 பிப்ரவரி 1இல் தொடங்கி, முதல் நாளே படுத்துவிட்டது. உடனே தள்ளி வைத்து, ஏப்ரல் 1இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். அரசின் கணினி தவறினால் இரண்டு மாதம் அவகாசம். வணிகரின் கணக்குத் தாக்கல் ஒரு நாள் தவறினால் தாமதக் கட்டணம். இது எந்த ஊர் நியாயம்?

இது நம் நாட்டின் பிணி மட்டுமல்ல. பிரிட்டன் அஞ்சல் துறையில் நடந்ததை ஒவ்வொரு வணிகரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே சிறு அஞ்சலகங்களைப் பெரும்பாலும் கடைக்காரர்களே ஒப்பந்த முறையில் நடத்துகிறார்கள். ஆசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் அவர்களில் ஏராளம். 1999 முதல் இவர்கள் மீது 'ஹொரைசன்' எனும் கணக்கு மென்பொருள் சுமத்தப்பட்டது. தயாரித்தது ஃபுஜித்சு நிறுவனம். கல்லாவில் இருக்கும் பணம் சரியாக இருக்கும். திரையோ ஆயிரக்கணக்கான பவுண்டு குறைகிறது என்று காட்டும். குறைந்த தொகையைக் கைப்பணத்திலிருந்து கட்டச் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கட்டியவர்கள் உண்டு. உதவி கேட்டு அழைத்தால், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை, வேறு யாருக்கும் இல்லை" என்ற பதில் பலருக்கும் கிடைத்தது.

900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் கருவுற்றிருந்த நிலையில் 2010இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் அனுமானித்துக் கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தது. மனிதனின் சத்தியத்தை விடத் திரையில் தெரிந்த எண் பெரிதாகிப் போனது!

ஆலன் பேட்ஸ் எனும் அஞ்சலகக்காரர், தான் செய்யாத தவறை ஒப்புக்கொள்ள மறுத்தார். ஒப்பந்தம் பறிக்கப்பட்டது. அவர் மற்றவர்களைத் தேடிப் பிடித்து ஒன்று சேர்த்தார். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ரத்தானது. 2024இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி மற்றவர்களின் தண்டனைகளையும் நீக்கியது. ஆனால் போன உயிர்கள்? குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இந்தக் கொடுமை காரணமாக இருந்திருக்கலாம் என்று 2025 ஜூலையில் விசாரணை அறிக்கை கூறியது. "உங்களுக்கு மட்டும்தான்" என்ற அந்த ஒரு பொய்யை நம்பித் தனித்தனியாக அழுதவரை அவர்கள் தோற்றார்கள். ஒன்று கூடியபோது வென்றார்கள். இதை நெஞ்சில் எழுதிக் கொள்ளுங்கள்!

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2025இன் வக்ஃப் திருத்தச் சட்டத்தின்படி, வக்ஃப் சொத்து விவரங்கள் அனைத்தையும் ஆறு மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2025 ஜூன் 6இல் 'உமீத்' இணையதளம் திறக்கப்பட்டது. அச்சட்டம் பற்றிய நம் ஆட்சேபம் ஒருபுறம் இருக்கட்டும். கட்டுப்பட்டு ஏற்ற வந்தவர்களின் கதி என்ன? கடைசி நாட்களில் தளம் மந்தம், பாதியில் நிற்கிறது என்று பல மாநிலங்களிலிருந்தும் புகார்கள் எழுந்தன. டிசம்பர் 1 அன்று கெடுவைப் பொதுவாக நீட்டிக்க உச்ச நீதிமன்றம் மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை நாடலாம் என்றது. டிசம்பர் 6இல் கெடு முடிந்தபோது அரசே சொன்ன கணக்கு இது: ஏற்றத் தொடங்கியவை 5,17,040 சொத்துகள், அதுவரை ஒப்புதல் பெற்றவை 2,16,905. அரசின் பழைய பதிவேட்டிலோ சுமார் 8.72 லட்சம் சொத்துகள் இருந்தன!

எல்லாவற்றுக்கும் தளமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பத்திரங்களைக் கரையான் அரிக்க விட்ட நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் முன்னோர் அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற ஒரு அடக்கஸ்தலத்தின், ஒரு மதரஸாவின் உரிமை, சுழன்று கொண்டே நிற்கும் ஒரு திரையால் கேள்விக்குறியாகக் கூடாது.

சகோதரர்களே! அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது (2:282). எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிய தொகையானாலும் எழுதச் சலிக்கக் கூடாது, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரக் கூடாது என்றெல்லாம் அது கற்பிக்கிறது. இன்று நம் கணக்கை எழுதுவது மென்பொருள். அது நீதியோடு எழுதுகிறதா என்று பார்க்கும் கடமை நம்மை விட்டு நீங்கிவிடவில்லை.

நனைந்த தானியத்தை அடியில் மறைத்து மேலே காய்ந்ததைக் காட்டிய வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது ஹதீஸில் வருகிறது. இன்றைய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றின் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். உள்ளது உள்ளபடி தருகிறோம், பிழையால் வரும் நட்டத்துக்குப் பொறுப்பில்லை என்ற பொருளில் பொடி எழுத்தில் இருக்கும். நாமும் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்துகிறோம். நனைந்த தானியத்துக்கு நாமே ரசீது எழுதிக் கொடுப்பதல்லவா இது?

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

வணிகப் பெருமக்களே! கணினியைப் பயன்படுத்துங்கள், அதை மட்டுமே நம்பி இராதீர்கள். அன்றாடக் கணக்கை அன்றே அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். இன்னொரு பிரதியைக் கடைக்கு வெளியே வையுங்கள். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால்தான் எழுதிக் கொடுத்தார்கள். பேனா இருந்தவர் பிழைத்தார்!

தளம் தகராறு செய்தால் நாளும் நேரமும் தெரிய திரையைப் படம் பிடியுங்கள். புகார் எண்ணை வாங்கி நோட்டில் எழுதுங்கள். டிரான்-1 வழக்குகள் கற்பித்த பாடம் இதுதான். கடைசி நாள்வரை காத்திராதீர்கள்.

யு.பி.ஐ. வழியாக வாடிக்கையாளர் செலுத்திய பணம் கழிந்தும் கடைக்கு உறுதியாகவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி ஐந்து நாளுக்குள் அது அவருக்குத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். விற்ற மென்பொருளைச் சரி செய்து தராத நிறுவனங்கள் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். மாலையில் கணினி காட்டும் தொகைக்கும் கல்லாவுக்கும் ஒத்து வரவில்லை என்றால், முதலில் கடைப் பையனின் முகத்தைப் பார்க்காதீர்கள்! கிடைத்த செய்தியைத் தீர விசாரிக்காமல் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட வேண்டாம் என்று எச்சரிக்கும் மார்க்கம் நம்முடையது (49:6). பிரிட்டன் அஞ்சல் துறை செய்த அநீதியை நம் கடைக்குள் நாமே செய்துவிட்டு, அரசிடம் நீதி கேட்க எந்த முகத்தோடு போவது?

ஜமாஅத் நிர்வாகிகளே! மஹல்லாதோறும் கணினி அறிந்த நான்கு இளைஞர்களை அமர்த்துங்கள். வாரம் ஒரு மாலை, இஷாவுக்குப் பின், படிவம் நிரப்பவும் புகார் எழுதவும் உதவட்டும். வக்ஃப் ஆவணங்களின் நகல் பள்ளிவாசலில் ஒன்றும் வெளியே ஒன்றும் இருக்கட்டும். ஒரே கோளாறு பத்துப் பேருக்கு வந்தால் பத்துப் பேரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.

மென்பொருள் துறையில் பணியாற்றும் இளைஞர்களே! நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அமானிதம். தம் ஊழியர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே பிழைகள் தெரியும் என்று ஃபுஜித்சுவின் ஐரோப்பியத் தலைவர் 2024இல் விசாரணையில் ஒப்புக் கொண்டார். தெரிந்தும் வாய் மூடியிருந்தவர்களால்தான் நிரபராதிகள் சிறைக்குப் போனார்கள். பிழையைக் கண்டால் மேலதிகாரி முகம் சுளித்தாலும் எழுத்தில் சொல்லுங்கள்.

அரசிடம் நம் கோரிக்கை மிக எளியது. தளம் முடங்கிய நாட்கள் கெடுவில் தாமாகவே கூட வேண்டும். கணினி சரியாக இயங்கியது என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை வைத்திருப்பவருக்கே இருக்க வேண்டும். அதன் முன் கைகட்டி நிற்கும் குடிமகனுக்கு அல்ல.

எந்திரத்துக்கு மறுமையில் கேள்வி கணக்கு இல்லை. அதை எழுதியவருக்கு உண்டு, விற்றவருக்கு உண்டு, அதைக் காட்டி அடுத்தவரைத் தண்டித்தவருக்கு உண்டு. கண்டும் வாய் மூடியிருந்த நமக்கும் உண்டு. விழித்துக் கொள்வோம், எழுதி வைப்போம், ஒன்றுபட்டுக் கேட்போம். வல்ல இறைவன் துணை நிற்பான், இன்ஷா அல்லாஹ்.