மாக்ஸ் ராஃபேலும் 'கெர்னிகா'வும்

கொள்கை சரியென்றால் படைப்பும் சரி என்று முத்திரை குத்துகிறவர்கள் மாக்ஸ் ராஃபேலைப் படிக்க வேண்டும். மார்க்ஸியவாதி என்றதுமே அவரை ஒதுக்கிவிடும் ரசனைக்காரர்களும்தான். இரு தரப்புக்கும் அசௌகரியமானவர் என்பதாலேயே மறக்கப்பட்டார் என்று நினைக்கிறேன்.

மோனே முதல் பிக்காஸோ வரையிலான ஓவியம் பற்றிய அவருடைய ஆய்வேட்டை வோல்ஃப்லின் ஏற்கவில்லை. 1913இல் அது புத்தகமாயிற்று. டாக்டர் பட்டம் இல்லாமலே பெர்லினில் தொழிலாளர்களுக்குக் கலை போதித்தார். 1932இல் பாரிஸ், 1940இல் பிரெஞ்சு முகாம்களில் அடைப்பு, 1941இல் நியூயார்க். யூதர், அகதி. பிக்காஸோவின் 'கெர்னிகா'வைக் கொண்டாட இவரைவிட உரியவர் யார்? இவரோ, அதில் உருவமும் உள்ளடக்கமும் இசையவில்லை என்று நீண்ட கட்டுரையில் வாதாடினார். குண்டு போட்டவர்களை எதிர்ப்பது வேறு, ஓவியம் தேறுவது வேறு.

அவர் தீர்ப்பு எனக்குச் சம்மதமில்லை. அந்த இசைவின்மைதான் 'கெர்னிகா'வின் உள்ளடக்கம் என்பது என் கட்சி. ஆனால் அவரை மறுக்க நான் மறுபடி ஓவியத்திடமே போக வேண்டியிருக்கிறது. பிக்காஸோவின் அரசியலிடம் அல்ல. விமர்சனம் வாசகனிடம் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

1952இல் ராஃபேல் தற்கொலை செய்துகொண்டார். அந்தக் கட்டுரை அடங்கிய ஆங்கில நூல் 1968இல் வந்தது. கோஷத்துக்குக் கைதட்டுகிறவர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும்.