புது மாப்பிள்ளையும் பழைய விசிறியும்

பழைய சாமான் கெட்டுப்போனால், "அதற்கும் வயசாகிவிட்டது" என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். புதுசாக ஒன்று வந்த வேளையில் கெட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

கோட்டூர்புரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். பாடங்களை வீடியோவாக்கி அனுப்புவதில்தான் வீட்டு வருமானத்தில் பாதி வருகிறது. வேலை துரிதமாக நடக்கட்டும் என்று, கம்ப்யூட்டரில் இருந்த ஐ3-12100 பிராசசரை எடுத்துவிட்டு, ரிச்சி தெருவில் ஐ7-13700கே வாங்கிப் போட்டாராம். அன்று முதல் கடிதம் டைப் அடித்தால் தொந்தரவு இல்லை. வீடியோவைத் தயாரிக்கச் சொன்னால் மட்டும் பாதியில் பட்டென்று அணைந்துவிடுகிறது. வந்து பார்த்தவர், "மதர்போர்டு போய்விட்டது. 30,000 ரூபாய் ஆகும்" என்கிறாராம். மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

பணத்தை எடுக்க அவசரப்படாதீர்கள், அம்மா! பிரஷர் குக்கரில் ஸேப்டி வால்வு திறந்துகொண்டால் குக்கர் செத்துவிட்டது என்றா சொல்கிறோம்? வெடிக்காமல் நம்மைக் காப்பாற்றியது என்கிறோம். கம்ப்யூட்டர் தானாக அணைவதும் அநேகமாக அப்படித்தான். எதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு பிராசசர்களும் மதர்போர்டில் ஒரே இடத்தில்தான் உட்காரும். ஆனால் பசி ஒன்றல்ல. பழையது மூச்சு முட்ட உழைத்தாலும் 89 வாட்டுக்கு மேல் கேட்காது. புதியது 253 வாட் வரை கேட்கும். கடிதம் டைப் அடிக்கையில் இரண்டும் சாதுதான். வீடியோ வேலையில்தான் பசி தெரியும். சமையலறையையும் அடுப்பையும் மாற்றாமல், மூன்று பங்கு சாப்பிடும் மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்த கதைதான்!

முதலில் விசிறியைப் பாருங்கள். ஐ3 பெட்டியில் ஒரு சின்ன விசிறி கூடவே வரும். ஐ7-13700கே பெட்டியில் விசிறியே வராது. நாம் தனியாக வாங்க வேண்டும். பழைய விசிறியையே மாட்டியிருந்தால் பாதி மர்மம் விடுபட்டது. புதிய விசிறியாக இருந்தால், அடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா, நாலு கால்களும் சரியாக அழுந்தினவா, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தார்களா என்று கேளுங்கள். கேபினெட்டை மேஜை அலமாரிக்குள் அடைத்துப் பூவேலைத் துணி போட்டு மூடியிருந்தால், துணியை எடுத்து வெளியே வையுங்கள். அறையின் உஷ்ணத்துக்குக் கீழே எந்த விசிறியும் குளிர்விக்காது. நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தைச் சொல்லவும் வேண்டுமா!

இரண்டாவது சந்தேகம் மின்சாரத்தின் மேல். இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. இந்தப் பிராசசர் 100 டிகிரி சென்டிகிரேடை எட்டினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். ஆகவே, விசிறி இரைந்து, வேலை மந்தமாகி, சில நிமிஷங்கள் கழித்து அணைந்தால் உஷ்ணம். வேலை தொடங்கிய மறுகணமே விளக்கணைந்தாற்போல் போனால், மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகப்படலாம். மானிட்டரும் சேர்ந்து அணைந்து, யூ.பி.எஸ். கத்தினால் குற்றவாளி அந்த யூ.பி.எஸ்.தான். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும்.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று குறிப்பு இருக்கும். அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். முறைப்படி அணைக்காமல் அணைந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது.

இனி, காசு செலவில்லாத பரீட்சை ஒன்று. பயாஸ் பக்கத்தில் பிராசசருக்கு இத்தனை வாட்தான் என்று வரம்பு கட்ட, பெரும்பாலான மதர்போர்டுகளில் வசதி உண்டு. 65 வாட் என்று கட்டிவிட்டு அதே வீடியோவைத் தயாரிக்கச் சொல்லுங்கள். நேரம் கூட ஆகும், ஆகட்டும். அணையாமல் முடித்துக் கொடுத்தால் மதர்போர்டு போய்விட்டது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. விசிறிக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் மட்டும் செலவு செய்தால் போதும். அதுவரை பாடங்களும் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

இந்த ரகப் பிராசசருக்கு இன்னொரு சமாசாரமும் உண்டு. 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்களில் பலவற்றுக்கு மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய், நிலையாக ஓடாமல் போனதை 2024-இல் இன்டெல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. திருத்தத்தைப் பயாஸ் வழியாக வெளியிட்டது. வாரன்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஆகவே பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெரு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேபினெட்டைத் திறக்குமுன் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். இணைப்பை எடுத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

மெக்கானிக் மறுபடி வந்தால், "65 வாட்டில் ஓடுகிறதே, அப்புறம் மதர்போர்டு எப்படிப் போயிற்று?" என்று நிதானமாக ஒரு கேள்வி கேளுங்கள். கணக்கு டீச்சருக்குக் கேட்கத் தெரியாதா என்ன? பதிலைக் கேட்ட பிறகு பர்ஸைத் திறக்கலாம்.