வரிக்கு ஊதியம், வாழ்வுக்கு இனாம்!

அண்ணாமலை உச்சியில், 2,668 அடி உயரத்தில், கார்த்திகைத் தீபம் எரிகிறது. காண வந்தோர் பல இலட்சம். அவர்தம் பார்வை மலைமீது. நம் பார்வையோ அவர்களை ஏற்றி வந்த பேருந்துகள்மீது! இரவெல்லாம் கண் விழித்துச் சக்கரம் பிடித்த ஓட்டுநர், நெரிசலில் நசுங்கியபடி சீட்டுக் கொடுத்த நடத்துநர், எண்ணெயும் கரியுமாய்ப் பணிமனையில் நின்ற தொழிலாளி! மலையில் எரிவது நெய். இவர்தம் உடலில் எரிவது உதிரம்!

அந்த உதிரத்துக்கு ஆண்டுக்கொருமுறை கிடைப்பது போனஸ். தமிழக அரசு 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் பொதுத்துறைத் தொழிலாளருக்கு 20 விழுக்காடு அறிவித்தது. 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை, உச்ச அளவு 16,800 ரூபாய். இந்த 16,800 எப்படி வந்தது? மாதம் 20,000 வாங்குபவரையும் 7,000 வாங்குபவராகக் கருதிப் போட்ட கணக்கு அது. 2015-இல் டில்லி திருத்திய போனஸ் சட்டம் காட்டிய அளவுகோல் அந்த ஏழாயிரம்!

சரி, கொடுத்தாயிற்று. அடுத்த காட்சியில் வருகிறார் வரி அதிகாரி. போனஸ் என்பது ஊதியமே என்கிறது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அதன் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் வந்துள்ள 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. அங்கே ஏழாயிரம் என்ற அளவுகோல் இல்லை. முழு ஊதியத்தோடு முழு போனசும் கூட்டப்படுகிறது.

ஊதியம்தானா? மகிழ்ச்சி! அப்படியானால் ஓய்வு பெறும் நாளில் பணிக்கொடைக் கணக்கிலும் அதைச் சேருங்கள் என்று கேட்கிறான் தொழிலாளி. உடனே சட்டம் ஒப்பனையை மாற்றிக்கொள்கிறது. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் போனசை ஊதியம் அல்ல என்று விலக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் சட்டப்படியான போனசை ஊதியத்துக்கு வெளியேதான் நிறுத்தியுள்ளன. ஒரே பணம்; வாங்கும் மேடையில் ஊதிய வேடம், வழங்கும் மேடையில் இனாம் வேடம்! நாடகம் எழுதுகிற நமக்கே இப்படியொரு பாத்திரத்தைப் படைக்கத் துணிவு வராது.

இழப்பு எவ்வளவு? 16,800-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,400. அதுவும் ஊதியத்தில் சேர்ந்தால், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில், 30 ஆண்டு உழைத்தவரின் பணிக்கொடை ஏறத்தாழ 24,000 ரூபாய் கூடும். அதே போனசை முதலாளி செலவென எழுதி, வரிக்குரிய இலாபத்தைக் குறைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தரட்டும்! ஆனால் அவர் ஏட்டில் கழிவு, இவர் ஏட்டில் கூட்டலா?

போனஸ் யாரும் இட்ட பிச்சையன்று. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த நாளிலிருந்து நாடெங்கும் உழைப்பாளர் நடத்திய போராட்டங்களின் விளைச்சல் அது. 1965-இல் சட்டம் 4 விழுக்காடு தந்தது. 1972-இல் அது 8.33 ஆயிற்று, அதாவது, பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாத ஊதியம். நெருக்கடி நிலை வந்ததும் 1975-இல் அதை மீண்டும் 4 ஆக்கினர், 1977-இல் மீட்டோம். வாழ்வூதியத்துக்கும் வாங்கும் ஊதியத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்புவதே போனஸ். அது இனாமன்று என்று 1954-இலேயே மூயர் மில்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்தது. பள்ளத்தை நிரப்பக் கொட்டிய மண்ணையே மறுபடியும் அள்ளுவதா?

“12 இலட்சம் வரை வரியே இல்லையே!” என்பர் ஆளவந்தார். உண்மை; 2025 நிதிநிலை அறிக்கை புதிய முறையில் அந்தச் சலுகையைத் தந்தது. மறுக்கவில்லை. ஆனால் சலுகை உரிமையாகாது. ஓர் அறிக்கை தந்ததை இன்னோர் அறிக்கை பறிக்கலாம். மேலும், செய்யாறு சிப்காட்டில் காலணி தைக்கும் நம் சகோதரி என்றுமே வரி வரம்புக்குக் கீழேதான். அவளுக்கு வரிச் சலுகையால் வரவில்லை. பணிக்கொடையிலோ இழப்பு நிச்சயம்.

பிலிப்பைன்சு நாட்டைப் பாருங்கள். பதின்மூன்றாம் மாத ஊதியம் அங்கே சட்டம். அதுவும் பிற போனசும் சேர்ந்து 90,000 பெசோ வரை வரி கிடையாது என்று 2018 முதல் விதித்துள்ளனர். அந்தத் தீவுகளால் முடிந்தது பெரிய டில்லியால் முடியாதா?

தோழர்களே! நம் கோரிக்கை ஒன்றே. போனஸ் ஊதியமென்றால் பணிக்கொடைக்கும் ஊதியமாகட்டும். ஊதியம் அல்லவென்றால், குறைந்தது அந்த ஒரு மாத அளவுக்காவது வரியிலிருந்து விலகட்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும் டில்லி! பணிமனை வாயிலில், ஆலை முகப்பில், சங்கக் கூட்டங்களில் இந்தக் கேள்வியைத் தீர்மானமாக்குங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் கையில் கொடுங்கள்.

மலைத்தீபம் சில நாளில் அணையும். உழைப்பவன் நெஞ்சில் ஏற்றிய கேள்வி, விடை காணும்வரை அணையாது!