காலனிப் பிள்ளைகளுக்குப் பழைய கணினி போதுமா?

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் இருப்பது ஒரே ஒரு கணினி. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் திரை தயாராக இருக்கும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குவதா, சரிசெய்து ஓட்டுவதா என்று ஒரு மாதமாக விவாதிக்கிறோம். கையில் இருப்பது 9,400 ரூபாய். கரும்பு வெட்டப் போகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் மாதம் ஐம்பது ரூபாய் சந்தா போட்டுச் சேர்த்த பணம். ஒரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

சரிசெய்து கொள்ளலாம் என்ற பக்கம் நாங்கள் சாய்ந்தபோது, ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணின் தாய் ஒருவர் எழுந்து கேட்டார்: "எப்பவும் நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் பழசு?"

இதற்குப் பதில் சொல்லாமல் விலைப்பட்டியலைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. பழைய சோறு, பழைய துணி, பழைய புத்தகம் என்று நம் மக்களுக்கு நீட்டப்பட்டவற்றின் வரலாறு நீளமானது. இன்றைக்கு அது புது உருவில் வருகிறது. சென்ற ஆண்டு ஒரு நிறுவனம் நான்கு கணினிகள் தருவதாகச் சொன்னது. போய்ப் பார்த்தோம். நான்கிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. தங்கள் தகவல் வெளியே போய்விடக் கூடாது என்று கழற்றி வைத்துக்கொண்டார்கள். இரண்டில் ராமும் இல்லை. பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பது மட்டும் குறையாமல் இருந்தது. வேண்டாம் என்று திரும்பிவிட்டோம். அவர்களுக்கு அது சமூகப் பொறுப்புக் கணக்கில் வரவு, நமக்குக் குப்பை. அந்தக் குப்பையைப் பிரிக்கும் வேலையும் கடைசியில் யார் தலையில் விழும்? தில்லி சீலம்பூரில் பழைய மதர்போர்டுகளை உடைத்தும் எரித்தும் செம்பு எடுத்துப் பிழைப்பவர்கள் யாரென்று பார்த்தால் விடை கிடைக்கும்.

ஆனால் பிறர் கழித்ததை வாங்கிக்கொள்வதும், நம் பணத்தில் வாங்கிய பொருளை நாமே கணக்குப் போட்டுப் பார்த்து ஓட்டுவதும் ஒன்றல்ல. இந்த இடத்தில்தான் அந்த அம்மாவோடு நாங்கள் மாறுபடுகிறோம்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, டிஎன்பிஎஸ்சி பதிவு, சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்து அவர்கள் கேட்கும் கேபி அளவுக்குள் சுருக்குவது, கலெக்டருக்கு மனு அடிப்பது. இதற்கெல்லாம் ஐ3 பிராசசர் தாராளம். மந்தத்துக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டின் மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தேடி எடுக்க வேண்டும். அதன் இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் சுழல்வதும் தேடுவதும் இல்லை. ஐந்து நிமிடம் காக்க வைத்தது ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும். கூடவே இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராம், செகண்ட் ஹேண்டில். பிறகு மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி. இது செத்துவிட்டால் கணினியின் தேதி ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தேதி பொருந்தாததால் அரசு இணையதளம் எதுவும் திறக்காது. முப்பது நாற்பது ரூபாய் பேட்டரிக்காக "மிஷின் போச்சு" என்று புதிது வாங்கியவர்களை நாங்கள் அறிவோம்! கடையில் விசாரித்ததில் மூன்றும் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிகிறது. எட்டாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டு கணினிக்கே சென்னை ரிச்சி தெருவில் 16,000 கேட்டார்கள்.

சிக்கல் விண்டோஸ். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0-வும் வேண்டும். நன்றாக ஓடும் லட்சக்கணக்கான கணினிகள் ஒரு தேதியில் தீட்டாகிவிட்டன. ஆதார் எண்ணும் ஓடிபியும் புழங்கும் கணினியை அப்டேட் இல்லாமல் விடக் கூடாது. ஆகவே லினக்ஸ் போடுவது என்று முடிவு. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே யாரும் அதை இரண்டாந்தரம் என்பதில்லை. தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய மனுக்களுக்கு மட்டும் அந்த எழுத்துருவை ஏற்ற வேண்டும். எங்கள் பிரிண்டர் ஒத்துழைக்குமா என்பதைச் சோதித்துப் பார்த்த பிறகே பழைய டிஸ்க்கைக் கழற்றுவோம்.

"போன்ல எல்லாம் செய்யலாமே, பிரவுசிங் சென்டர் இருக்கே" என்கிறார்கள் சிலர். சென்டர் இருப்பது ஊர்த்தெருவில். நம் பெண் பிள்ளை தன் சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், போன் நம்பர் எல்லாவற்றையும் யாரோ ஒருவரின் மேசையில் வைத்துவிட்டு, கடைசி ஆளாகக் கூப்பிடப்படும் வரை வாசலில் நிற்க வேண்டும். நகல் அந்தக் கணினியிலேயே தங்கிவிடுகிறது. காலனிக்குள் ஒரு கணினி வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான். அரசு தரும் மடிக்கணினி படிக்கிற பிள்ளைக்கு உதவும், வரவேற்கிறோம். பாதியில் படிப்பை விட்டவனுக்கும், முதியோர் உதவித்தொகைக்கு அலையும் பாட்டிக்கும் அது வராது. அவர்களுக்குப் பொதுவில் ஒன்று இருந்தாக வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் அதை வைத்துத் தர வேண்டியது அரசுதான்; நம் சந்தாப் பணம் அந்தப் பொறுப்பிலிருந்து அதை விடுவிக்காது. மனு தனியே போகிறது.

மிச்சமாகும் ஆறாயிரத்துச் சொச்சத்தில் யுபிஎஸ் பேட்டரி முதலில். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் கரண்ட் போனால் முதலிலிருந்து அடிக்க வேண்டும். கடைசி நாளாக இருந்தால் அந்த வருடமே போனது. ஒரு மேசை விளக்கும் வேண்டும். மீதி அப்படியே வங்கியில் இருக்கும்.

அந்த அம்மா முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நிபந்தனை போட்டார்: மே மாதம் ரிசல்ட் வந்து அரசுக் கல்லூரி விண்ணப்பம் தொடங்கும்போது தன் மகள் முதல் ஆளாக இதில் உட்காருவாள், இடையில் நின்றுபோனால் சந்தாவை நூறாக்கி வேறு கணினி வாங்க வேண்டும், யாரும் வாய் திறக்கக் கூடாது. தீர்மான நோட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.