இருபது வளைவுகளும் ஓர் அரசு மிதிவண்டியும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட நம் சமவெளியில் எங்கு நின்றாலும் கண்ணில் மலை படும். வடக்கே திரும்பினால் சேர்வராயன் மலை. கிழக்கே திரும்பினால் கொல்லிமலை. இவற்றைப் பார்த்தே வளர்ந்த நமக்கு மேலே போக மூன்று வழிகள் தெரியும்: பேருந்து, கார், மோட்டார் சைக்கிள். நான்காவது வழி நம்மில் பலர் வீட்டுத் தாழ்வாரத்தில் சங்கிலி துருப்பிடித்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பதினோராம் வகுப்பில் அரசு நமக்கு விலையில்லாமல் கொடுத்த மிதிவண்டியைத்தான் சொல்கிறேன். அந்த வண்டிக்காக வாதாடவே இக்கட்டுரை.

நம் கல்லூரியில் வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு இன்றும் 'சைக்கிள் ஸ்டாண்டு' என்றே பெயர். உள்ளே போய்ப் பாருங்கள். நூற்றுக்கணக்கான மோட்டார் வாகனங்களுக்கு நடுவே மிதிவண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்கு நாள்தோறும் ஏழெட்டுக் கிலோமீட்டர் மிதித்து வந்த அதே மாணவன், கல்லூரியில் சேர்ந்த மறுமாதமே மிதிவண்டியைத் தொட வெட்கப்படுகிறான். காலில் வலு குறைந்துவிட்டதா? இல்லை. 'இன்னுமா சைக்கிள்?' என்ற ஒரு கேள்விக்குத்தான் அவன் அஞ்சுகிறான். அந்தக் கேள்விக்கு விடையாகத் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வருகிறது. வண்டி மகனுக்கு, தவணை தந்தைக்கு. விசைத்தறி ஓட்டும் தந்தையோ லாரியில் கிளீனராகப் போகும் தந்தையோ மாதாமாதம் அதைக் கட்டுகிறார். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் அளவில் விற்கும்போது அதற்கும் அவரே கொடுக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏற்காடு அடிவாரத்தில் போய் நின்றால், தலைக்கவசமும் இறுக்கமான உடையும் அணிந்து, கியர் வைத்த மெல்லிய மிதிவண்டிகளில் மலையேறுவோரைக் காணலாம். அவற்றுள் சிலவற்றின் விலை ஒரு லட்சத்தையும் தாண்டும். அவர்களைப் பார்த்து வழியில் நிற்போர் கைதட்டுகின்றனர், படம் எடுக்கின்றனர். சென்ற தை மாதத்தில் நானும் நண்பர்கள் மூவரும் எங்கள் அரசு மிதிவண்டிகளில் அதே பாதையில் ஏறினோம். பாதி தூரம் மிதித்தோம், பாதி தூரம் தள்ளினோம். ஒரு வளைவில் தேநீர்க் கடைக்காரர் எங்களை அன்போடு உட்கார வைத்து, "ஏந் தம்பி, பஸ்சுக்குக் காசில்லையா?" என்று கேட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. தேநீருக்குக் காசு வாங்க மறுத்தவர் அவர். ஆனால் மலை ஒன்று, வேர்வை ஒன்று. விலை உயர்ந்த வண்டியில் வடிந்தால் அது விளையாட்டு, அரசு வண்டியில் வடிந்தால் அது வறுமை. இந்தப் பாகுபாட்டை யார் வகுத்தது?

விளையாட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. உலகின் பெரும் மிதிவண்டிப் போட்டியான 'டூர் டி பிரான்ஸ்' 1903-ஆம் ஆண்டு தொடங்கியது. ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீட்டர் ஓடிய அந்த முதல் போட்டியில் வென்ற மோரிஸ் காரின், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளியாக இருந்தவர். 1924-லும் 1925-லும் வென்ற இத்தாலியர் பொத்தேக்கியா, கொத்தனார் வேலை பார்த்தவர். 1910-இல் முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்கள் போட்டியில் சேர்க்கப்பட்டபோது, அவ்வாண்டு வெற்றி பெற்ற லபீஸ் கூடச் சில இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனார். ஓடும்போதே சங்கிலியைப் பல் மாற்றும் கியர் அமைப்பு அந்தப் போட்டியில் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதாவது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் ஓட்டியது, கியர் மாற்றும் வசதியைப் பொறுத்தவரை, நம் வண்டியைப் போன்ற வண்டியைத்தான்!

அந்நாட்டில் வான்தூ என்றொரு மலை உண்டு. அடிவாரமெங்கும் மதுவுக்கான திராட்சைத் தோட்டங்கள். உச்சியில் மரமே இல்லாத வெண்கல் சரளை. உயரம் 1,900 மீட்டருக்குச் சற்று அதிகம். கோடைதோறும் உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து அதில் மிதித்து ஏறுகின்றனர். ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துயேஸ் என்னும் ஊருக்குப் போகும் பாதைக்கு இருபத்தொரு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை வைத்து, அங்கே வென்ற வீரர்களின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். நம் ஏற்காட்டுப் பாதைக்குக் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒன்றே ஒன்றுதான் குறைவு! அவர்கள் பாதை பதினான்கு கிலோமீட்டருக்குள் சுமார் 1,100 மீட்டர் ஏறுகிறது. நம்முடையது ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் அளவு ஏறுகிறது. எனவே நமது பாதை நீளம் அதிகம், செங்குத்துக் குறைவு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையின் எழுபது வளைவுகளைப் பற்றி அந்நாட்டாரிடம் சொன்னால் நம்புவார்களோ என்னவோ! வல்வில் ஓரி ஆண்ட மலையாயிற்றே, எளிதில் இடம் கொடுக்குமா?

திராட்சைத் தோட்டம் நமக்கு இல்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். 1937 அக்டோபரில் இராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். (அந்த மண்ணில் இன்று என்ன ஓடுகிறது என்பது வேறு கட்டுரைக்குரிய பொருள்.) நமக்குக் காப்பித் தோட்டம் போதும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காப்பி, இன்றும் சில்வர் ஓக் மர நிழலில், அம்மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளுக்கிடையே வளர்கிறது. பேருந்தின் சன்னலோரத்தில் இருந்து பார்த்தவருக்கு அது பச்சை நிறம், அவ்வளவுதான். மிதிவண்டியில் ஏறுபவனுக்கு எந்த வளைவில் வெக்கை முடிந்து குளிர்காற்று தொடங்குகிறது என்பது முதுகில் தெரியும்.

இயற்பியல் மாணவன் கணக்குப் போடாமல் விடலாமா? என் எடை 60 கிலோ, வண்டி 18 கிலோ. இந்த 78 கிலோவை ஆயிரம் மீட்டர் உயர்த்த ஏழரை லட்சம் ஜூலுக்குச் சற்று அதிகமான வேலை செய்ய வேண்டும். நம் தசைகள் உணவின் ஆற்றலில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. ஆகவே எழுநூற்று முப்பது கிலோகலோரி அளவு உணவு தேவை. இட்லிக் கணக்கில் ஏறத்தாழப் பதினைந்து. விடுதி மாணவர்கள் இதைவிட அதிகம் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் உறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தடை ஆற்றலில் இல்லை, பற்சக்கரத்தில் இருக்கிறது. என் வண்டியின் முன்பக்கம் 44 பல், பின்பக்கம் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டர் முன்னே போயாக வேண்டும். சமவெளிக்கு அது நல்லது. ஏற்றத்தில் முழங்காலை முறிக்கும். அதனால்தான் செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளுகிறோம். தள்ளுவது இழுக்கன்று; கியர் இல்லாத வண்டிக்கு அதுவே கியர்.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. ஏறும்போது சேர்த்த அந்த ஏழரை லட்சம் ஜூலில் பெரும்பங்கும் கீழே வரும்போது பிரேக் கட்டையில்தான் வெப்பமாக வேண்டும். ஆகவே புதுக் கட்டை போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து வளைவுக்கு ஒருமுறை நின்று சக்கர விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் இறங்கினோம். எங்களை அச்சுறுத்தியது சரிவன்று. பின்னால் ஒலிப்பானை அலறவிட்டுக்கொண்டு, வளைவு என்றும் பாராமல் முந்திய கார்களே. கீழே வந்தாலும் இதே கதைதான். சேலம்–நாமக்கல் நான்குவழிச் சாலையில் மிதிவண்டிக்கென்று ஒரு முழ அகலம் கூட இல்லை. சாலையைக் கடக்க நிற்பவன் வண்டிகளுக்கிடையே இடைவெளிக்காகக் காத்து நிற்கிறான், நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான்.

மாணவியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கேலி பேசியவர்கள் ஓய்ந்தார்கள், பெண்கள் ஓட்டினார்கள். அதன் பின்னர்ப் பிறந்த நம் சகோதரிகள் அரசு மிதிவண்டியால் மேல்நிலைப் பள்ளியை எட்டினார்கள். கல்லூரிக்கு வந்ததும் அவர்களும் பேருந்து நிலையத்தில் கால்கடுக்க நிற்கிறார்கள். பேருந்து தவறினால் அன்றைய முதல் வகுப்பும் தவறுகிறது.

பேராசிரியப் பெருமக்களுக்கு நான் முன்வைக்கும் வேண்டுகோள் இதுதான். ஆண்டுக்கொரு முறை, தை மாதத்து ஞாயிறு ஒன்றில், நம் கல்லூரி ஏற்காட்டுக்கு ஒரு மிதிவண்டிப் பயணம் நடத்த வேண்டும். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். கியர் வண்டி வைத்திருப்பவரும் வரலாம், ஆனால் அரசு மிதிவண்டியே முன்னே செல்ல வேண்டும். பிரான்சில் கோடையில் சில நாள் காலை வேளைகளில் சில கணவாய்ச் சாலைகளை மோட்டார் வாகனங்களுக்கு அடைத்து மிதிவண்டிகளுக்கு மட்டும் விடுகிறார்கள். அதுபோல அன்று காலை ஆறு முதல் ஒன்பது வரை அடிவாரப் பாதையை நமக்குத் தரும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கலாம்.

'மலைவாழ் மக்கள் என்ன செய்வார்கள்?' என்று விடுதி அறையில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. தோட்ட வேலைக்குப் போகிறவரையும் நோயாளியையும் நிறுத்திவிட்டு நாம் உலா போவது நியாயமாகாது. பேருந்தும் ஆம்புலன்சும் எப்போதும் போல ஓடட்டும். சுற்றுலாக் கார்கள் மட்டும் மூன்று மணி நேரம் குப்பனூர் வழியாகப் போகட்டும். கொல்லிமலையில் இப்படிக் கேட்பதை நான் ஒப்பமாட்டேன். அந்த எழுபது வளைவுப் பாதை அம்மக்களின் சந்தைக்கும் மருத்துவத்துக்கும் உயிர்நாடி. அங்கே போவதானால் ஓரமாகவே போய் வருவோம். மழைக்காலத்தில் எந்த மலையும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரியும்.

செலவு பெரிதன்று. காற்றடிக்கும் பம்பு இரண்டு, பஞ்சர் ஒட்டும் பசை, பிரேக் கட்டைகள், முதலுதவிப் பெட்டி, பின்னால் வர ஒரு வேன். சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, கோணிய சக்கரத்தை நிமிர்த்தித் தர ஊர்தோறும் மிதிவண்டிக் கடைக்காரர் ஒருவராவது இன்னும் இருக்கிறார். உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்குக் கொடுப்பதற்காக விண்ணப்பம் ஒன்று எழுதியிருக்கிறோம். இதுவரை பதினேழு பேர் கையெழுத்திட்டுள்ளனர். அவர்களில் ஆறு பேர் மாணவியர். தாள் இயற்பியல் துறை ஆய்வகத்தின் வாசல் மேசையில் இருக்கிறது; மாலை நான்கு மணி வரை அங்கே யாராவது இருப்போம்.