ஐந்து புள்ளி வௌவால்

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட ஆசிரியர் நியமன விதிமுறைகளின் பின்னிணைப்பில், ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு எவ்வளவு புள்ளி என்று சொல்லும் அட்டவணை ஒன்று இருக்கிறது. கட்டுரைக்கான அடிப்படைப் புள்ளிக்கு மேல் கூடுதலாக, இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத இதழில் வந்திருந்தால் 5. இம்பாக்ட் ஃபேக்டர் ஒன்றுக்குக் கீழ் இருந்தால் 10, இரண்டு வரை 15, ஐந்து வரை 20, பத்து வரை 25. பத்தைத் தாண்டினால் 30. நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியராக 75 புள்ளி சேர்த்திருக்க வேண்டும், பேராசிரியராக 120. இம்பாக்ட் ஃபேக்டரை தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிரிவையே தாம்சன் ராய்ட்டர்ஸ் 2016-ல் விற்றுவிட்டது. வாங்கியவர்கள் கிளாரிவேட் என்று புதுப் பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டார்கள். தராசுக்கு முதலாளி மாறியதுகூடத் தெரியாமல்தான் அதில் ஆட்களை நிறுத்திருக்கிறோம்.

2025 ஜனவரியில் வந்த வரைவு விதிகள் இந்தப் புள்ளிக் கணக்கைக் கைவிடப் பார்க்கின்றன. நல்ல விஷயம். ஆனால் விதியிலிருந்து எடுத்துவிட்டால் மண்டையிலிருந்து போய்விடுமா? தேர்வுக் குழுவில் உட்காரும் ஆள் பயோடேட்டாவைப் புரட்டி முதலில் தேடுவது இன்றைக்கும் அந்த எண்ணைத்தான்.

இந்தக் கணக்கு எல்லாத் துறைக்கும் கெடுதல். ஆனால் அது உயிர்ச்சேதம் வரைக்கும் போகக்கூடியது என்பதைப் பார்க்க, பாலூட்டிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் வரவேண்டும். கூட்டம் நிறைந்த துறையில் ஒருவர் மனசு வெறுத்து விலகினால், அந்த வேலையைச் செய்ய இன்னும் நூறு பேர் இருப்பார்கள். காட்டெலிகளைப் பற்றி எழுதுகிறவர் விலகினால் அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் வருவதில்லை. ஆள் பார்க்காத இனத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது?

பாலூட்டி என்றதும் புலி, யானை, திமிங்கிலம் என்று ஞாபகம் ஓடும். 2018-ல் ஜர்னல் ஆஃப் மம்மாலஜி இதழில் வந்த கணக்குப்படி உலகத்தில் பாலூட்டி இனங்கள் 6,495. அதில் 96 இனங்கள் அண்மைக் காலத்தில் அழிந்துபோனவை. 2005-ல் வெளிவந்த உலகப் பட்டியலில் இருந்தவை 5,416 மட்டுமே. பதின்மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. ஒரே இனம் என்று நினைத்திருந்ததை உற்றுப் பார்த்து இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்ததிலும், முற்றிலும் புதிதாகக் கண்டுபிடித்ததிலும் கூடியது அது. மொத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கு கொறிணிகளும் வௌவால்களும்தான். அதாவது பெரும்பாலான பாலூட்டிகள் ராத்திரியில் நடமாடும் சின்ன ஜீவன்கள். காலண்டரில் படம் போட லாயக்கில்லாதவை.

இம்பாக்ட் ஃபேக்டர் இதில் எங்கே வருகிறது? ஓர் இதழ் முந்தைய இரண்டு வருடங்களில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் எத்தனை மேற்கோள் கிடைத்தது என்று எண்ணி, அதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் அது. இவ்வளவுதான் கணக்கு. யூஜீன் கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் 1960-களில் இதை உருவாக்கியது, தங்கள் மேற்கோள் அட்டவணைக்கு எந்தெந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க. ஆளை எடைபோட அல்ல, இதழைப் பொறுக்க. அந்தப் பட்டியல் 1975-லிருந்து ஆண்டுதோறும் வர ஆரம்பித்தது. பிறகு நூலகரின் கருவி ஆள் எடுப்பவரின் கைக்குப் போய்விட்டது.

அந்த இரண்டு வருடம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதோ மேகமலை வௌவால் ஒன்றின் கதை.

தேனி மாவட்டத்து ஹைவேவிஸ் மலையில் 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். எஸ்டேட்டில் வேலை, இயற்கையியலில் ஈடுபாடு. நம் ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கிற குட்டை மூக்குப் பழந்தின்னிதான் இது என்று அப்போது அடையாளம் எழுதப்பட்டது. பாடம்செய்த உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. தாய்லாந்துக்காரரான கிட்டி தொங்லொங்யா அதைப் பார்த்துவிட்டு, இது அந்த இனமே இல்லை, அந்தப் பேரினம்கூட இல்லை என்று கண்டுபிடித்தார். 1972-ல் அந்தக் கழகத்தின் இதழிலேயே எழுதினார். புதுப் பேரினம், புது இனம்: லாடிடென்ஸ் சலீமலியை. சலீம் அலியின் பெயரைத் தாங்கிய வௌவால். கட்டுரை மொத்தம் எட்டே பக்கம்.

இழுப்பறையிலிருந்து பெயர் வரைக்கும் 24 வருடம். அதன்பிறகு அதே மலையில் அந்த வௌவாலை மறுபடி பிடித்துப் பார்க்க 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு இரண்டு வருட ஜன்னலை வைத்து அளந்தால் என்ன கிடைக்கும்? பூஜ்யம்தான். மாந்தோப்பு போட்டவனிடம் தீபாவளிக்குள் எத்தனை கூடை காய்த்தது என்று கேட்கிற மாதிரி இது.

ஆனால் அந்த எட்டுப் பக்கத்தால் நடந்தது என்ன? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் ஐந்தாம் அட்டவணையில், எலியோடும் காக்கையோடும் சேர்த்து, தொல்லை தரும் பிராணிகளாக வைக்கப்பட்டிருந்தன. யாரும் கொல்லலாம், அனுமதி தேவையில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து இந்த ஓர் இனத்தை மட்டும் பின்னாளில் தூக்கி, புலி இருக்கிற முதல் அட்டவணையில் வைத்தார்கள். மற்ற பழந்தின்னிகள் அந்தத் தொல்லைப் பட்டியலிலிருந்து விடுபட 2022 சட்டத் திருத்தம் வரவேண்டியிருந்தது. தனிப் பெயர் கிடைத்திருக்காவிட்டால் இந்த வௌவாலும் சட்டத்தின் கண்ணில் இன்னொரு தோட்டத் தொல்லையாகவே இருந்திருக்கும். ஒரு கட்டுரையின் தாக்கம் என்றால் எனக்குத் தெரிந்து இதுதான் தாக்கம். இன்றைக்கு ஒருவர் அதே கட்டுரையை இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத ஓர் இதழில் எழுதினால், 2018 அட்டவணைப்படி கூடுதலாக 5 புள்ளி வாங்குவார்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இந்த வௌவாலைப் பற்றி எழுதுகிறவர்கள் முழுப் பெயர் எழுதும்போது கூடவே 'தொங்லொங்யா, 1972' என்று சேர்த்து எழுதுவார்கள். விலங்கியல் பெயரிடும் மரபு அது. ஆனால் பெரும்பாலும் அந்தக் கட்டுரையைக் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதில்லை. மேற்கோளை எண்ணும் இயந்திரம் பட்டியலைத்தான் படிக்கும். ஆக, ஒரு மனிதரின் பெயரைக் கட்டுரைக்குக் கட்டுரை சொல்லியபடியே அவருக்குப் பூஜ்யம் போடலாம். மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய அநியாயம். பெரிய பெரிய ஆப்களுக்கு அடியில், யாரோ சம்பளமில்லாமல் எழுதிய ஒரு சின்ன லைப்ரரி ஓடிக்கொண்டிருக்கும். அது உடையும் நாளில்தான் அதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரியவரும்.

சரி, எண்ணிக்கையில் எது ஜெயிக்கிறது? சின்ன உயிர்களைப் பார்க்கும் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. ஜர்னல் ஆஃப் மம்மாலஜியில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்று எது தெரியுமா? ஆராய்ச்சியில் காட்டுப் பாலூட்டிகளை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படிக் கையாள வேண்டும் என்று அமெரிக்கப் பாலூட்டியியலாளர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். 2011-ல் ஒரு பதிப்பு, 2016-ல் இன்னொன்று. எலி பிடித்தவர்களெல்லாம் செய்முறைப் பகுதியில் 'இந்த நெறிகளைப் பின்பற்றினோம்' என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். தேவையான ஆவணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேற்கோள் குவியல் எந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பையும் காட்டவில்லை. ஒரு படிவத்தை எத்தனை பேர் பூர்த்திசெய்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

இதன் உச்சத்தைப் படிகவியலில் பார்க்கலாம். ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2008-ல் இரண்டு சொச்சம். 2009-ல் ஐம்பதைத் தொட்டது. காரணம், ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதிய ஒரே ஒரு கட்டுரை. அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லாரும் அதை மேற்கோள் காட்டினார்கள். நம் அட்டவணையை நேர்மையாகப் பின்பற்றியிருந்தால், அந்த வருடம் அந்த இதழில் சுமாரான கட்டுரை எழுதிய யாருக்கும் 30 புள்ளி கொடுத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் மாநிலத்தில் முதலிடம் வந்ததற்கு முழுத் தெருவுக்கும் ஸ்காலர்ஷிப் கொடுக்கிற கதை.

மேற்கோள் என்பது கூட்டத்தின் அளவு. கூட்டம் ஏற்கனவே எங்கே இருக்கிறதோ அங்கே எண் பெரிதாகும். எண் பெரிதாக இருக்கும் இடத்துக்குப் புதிதாக வருகிறவரும் போவார். ஆஸ்திரேலியாவில் ஃபிளெமிங், பேட்மன் என்ற இருவர், தங்கள் நாட்டின் 331 நிலவாழ் பாலூட்டி இனங்களைப் பற்றி யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அலசி, 2016-ல் மம்மல் ரிவ்யூ இதழில் வெளியிட்டார்கள். செர்ஜியோ லியோனே படத்தின் பெயரைக் கடன் வாங்கி நல்லது, கெட்டது, அசிங்கம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். கங்காரு வகையறா நல்லது. அவற்றின் உடலமைப்பைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த முயலும் நரியும் கெட்டது. அவற்றை ஒழிப்பது எப்படி என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். சொந்த மண்ணின் எலிகளும் வௌவால்களும் அசிங்கம். இனங்களில் கிட்டத்தட்ட பாதி அவைதான். அவற்றைச் சீந்த ஆளில்லை.

அந்த 'அசிங்க'க் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் பிராம்பிள் கே மெலோமிஸ். டோரஸ் நீரிணையில், சில ஏக்கரே உள்ள ஒரு மணல் திட்டில் மட்டும் வாழ்ந்த எலி. 2008-ல் அதற்கு ஒரு மீட்புத் திட்டம் எழுதினார்கள். கடைசியாகப் பார்த்தது 2009-ல். 2014-ல் போய் விரிவாகத் தேடியபோது ஒன்றுகூடச் சிக்கவில்லை. 2019 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு அது அழிந்துவிட்டதாக அறிவித்தது. பருவநிலை மாற்றத்தால் அழிந்த முதல் பாலூட்டி என்று அதைச் சொல்கிறார்கள். மேற்கோள் இல்லாததால் செத்தது என்று நான் சொல்ல வரவில்லை. திட்டின் மேல் ஏறிய கடல்தான் கொன்றது. ஆனால் அந்தத் திட்டுக்கு வருடாவருடம் போய் எலியை எண்ணுவதைத் தன் வாழ்க்கை வேலையாக வைத்துக்கொள்ள எந்த இளம் விஞ்ஞானிக்கு எந்தக் காரணத்தை நாம் கொடுத்தோம்? செத்த பிறகு அது உலகச் செய்தி ஆனது.

ஐயுசிஎன் 2008-ல் 5,487 பாலூட்டி இனங்களை மதிப்பிட்டபோது, 836 இனங்களுக்கு நேராக 'தரவு போதாது' என்று எழுத வேண்டியிருந்தது. அழிகிறதா, பிழைத்திருக்கிறதா என்று சொல்லக்கூட விவரமில்லை. அந்த விவரத்தைக் கொண்டுவரும் வேலைக்குத்தான் குறைந்த புள்ளி.

வௌவாலுக்கு இடையில் திடீர் மவுசு வந்தது உண்மை. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா, அப்புறம் கோவிட். வௌவாலின் உடம்பில் இருக்கிற வைரஸைப் பற்றிய கட்டுரைகள் குவிந்தன, மேற்கோள்களும் குவிந்தன. வைரஸ் ஆராய்ச்சி வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் பழந்தின்னி எந்த மரத்தில் தங்கும், எந்த மாதம் குட்டி போடும், ஒரு ராத்திரிக்கு எவ்வளவு தூரம் பறக்கும் என்ற 'சாதாரண' விவரம் இல்லாமல், நிபா எப்போது எந்த ஊருக்கு வரலாம் என்று எப்படி யோசிப்பது? அந்த விவரத்தைச் சேகரிக்க ராத்திரி ராத்திரியாக வலை கட்டி உட்கார வேண்டும். மூன்று வருடம் உட்கார்ந்தால் ஒரு கட்டுரை வரும்.

எண்ணும் இயந்திரத்துக்கு வகைப்பாட்டியல் என்றால் என்னவென்றே புரியாது என்பதற்கு 2020 சாட்சி. புதிய விலங்கினங்களுக்குப் பெயரிடும் கட்டுரைகளில் கணிசமான பங்கு வெளியாகும் இதழ் சூடாக்ஸா. அதில் வரும் கட்டுரைகள் அதே இதழின் பழைய கட்டுரைகளை அதிகம் காட்டுகின்றன என்று சொல்லி, அந்த வருடம் ஜூன் மாதம் கிளாரிவேட் அதை இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒரு பல்லிக் குடும்பத்தின் முந்தைய இனங்கள் எல்லாம் அந்த இதழில் வந்திருக்க, அடுத்தவர் வேறு எதைக் காட்டுவார்? உலகமெங்கும் வகைப்பாட்டியலாளர்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு துறையின் பிழைப்பு, ஒரு தனியார் கம்பெனியின் வடிகட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. அதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. 'எண் வேண்டாம்னா அப்புறம் என்ன வரும்? சிபாரிசு வரும், சாதி வரும், கைடோட செல்வாக்கு வரும். முதல் தலைமுறையா படிச்சு வந்த பிள்ளைக்கு இந்த நம்பர்தானே துணை?' நம் நாட்டில் இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த எண் உண்மையில் யாருக்குத் துணை நிற்கிறது என்று பார்ப்போம். கம்பத்திலிருந்து ஒரு பெண் முதல் தலைமுறையாகப் படித்து வந்து, பக்கத்து மலையின் வௌவால்களை ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது மலையும் வலையும் பொறுமையும். அவர் பகுதியின் விலங்குகளைப் பற்றிய கட்டுரைக்கு உலகத்தில் வாசகர்கள் சில டஜன் பேர். வசதியான ஆய்வுக்கூடத்தில், பத்துப் பேர் கொண்ட கட்டுரையில் ஏழாவது பெயராக வருகிறவருக்கு, பங்கு பிரித்த பிறகும், இவர் தனியாக மலையேறி எழுதியதற்குக் கிடைப்பதைக் கிட்டத்தட்ட எட்டும் அளவுக்குப் புள்ளி வந்துவிடலாம். சாதியையும் சிபாரிசையும் எண் ஒழிக்கவில்லை. யாருக்கு எந்த ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது என்ற பழைய வித்தியாசத்தையே தசம ஸ்தானத்தோடு எழுதிக் காட்டுகிறது.

எண்ணை வைத்தால் ஊழல் குறையும் என்பதும் நடக்கவில்லை. புள்ளிக்கு விலை வந்ததும் புள்ளி விற்கக் கடை வந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் ஈசல் போலக் கிளம்பின. போலி இம்பாக்ட் ஃபேக்டர் விற்கும் கம்பெனிகள்கூட வந்தன. 2018 மே மாதத்தில் மட்டும் யுஜிசி தன் சொந்த அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று.

அப்போ என்னதான் செய்வது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடி எழுதிய பிரகடனம், ஆளை எடுக்கவும் உயர்த்தவும் இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தாதீர்கள் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விண்ணப்பிப்பவர் தன் வேலைகளில் மிகச் சிறந்தது என்று நினைக்கும் ஐந்தை மட்டும் கொடுக்கட்டும். அவை கட்டுரையாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அருங்காட்சியகத்தில் சேர்த்த மாதிரிகள், எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் தரவுத் தொகுப்பு, ஐயுசிஎன் மதிப்பீடு, பெயரிட்ட இனம் எல்லாம் அதில் சேரும். ஒவ்வொன்றும் யாருக்கு எதற்குப் பயன்பட்டது என்று ஒரு பத்தி எழுதட்டும். குழுவில் இருக்கிறவர்கள் அந்த ஐந்தையும் படித்துவிட்டு வரட்டும். எந்த முடிவுக்கு என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளியிடட்டும். சிபாரிசுக்குப் பயப்படுகிறவர்கள் கேட்க வேண்டியது இந்தக் கையெழுத்தை. எண்ணுக்குப் பின்னால் ஒளிகிறவரைக் கேள்வி கேட்க முடியாது. காரணம் எழுதினவரைக் கேட்கலாம். இதழ் ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது: ஓர் இனத்தின் பெயருக்குப் பின்னால் எழுதும் ஆசிரியரையும் ஆண்டையும் மேற்கோள் பட்டியலிலும் கட்டாயம் சேர்க்கச் சொன்னாலே பாதி அநியாயம் தீரும்.

படிக்க நேரமில்லை என்பார்கள். வௌவால் கட்டுரை எட்டுப் பக்கம். சாயங்காலம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். அதற்கும் நேரமில்லாதவர்கள் தேர்வுக் குழுவில் உட்கார வேண்டாம்.